தோட்டம்தான் நம்மை இப்படி ஆக்கியதா?

மலாக்காவின் தங்கா பத்திலோ அலோர் காஜாவிலோ ஜாசினிலோ நம்மவர் நாலு பேர் கூடிப் பையன்கள் கெட்டுப்போவதைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு விளக்கம் தவறாமல் வந்து விழும்: தோட்டப்புறத்துப் புத்தி. அதே நாலு பேர் அரைமணி நேரம் கழித்துப் பழைய ஒற்றுமை போயிற்றே என்று வருந்துவார்கள். அதற்கும் விளக்கம் தயார்: தோட்டம் போயிற்று, எல்லாம் போயிற்று. குடியும் அடிதடியும் தோட்டம் தந்தவையாம். ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் குணமும் தோட்டம் தந்ததாம். ஒரே காரணத்தைக் காட்டி எதிரெதிரான இரண்டு விளைவுகளை விளக்கும் கருத்தை அப்படியே ஏற்க முடியாது. சோதித்துப் பார்க்க வேண்டும்.

மனிதரின் நடத்தையையும் நலத்தையும் அவர் வாழும் இடம் வடிவமைக்கிறது என்ற இந்தக் கருத்தைச் சூழல் வாதம் எனலாம். நம்மிடையே இதற்கு ஆய்வு நூல் உண்டு, நாவல் உண்டு, திரைப்படம் உண்டு. மேடைப்பேச்சுக்குக் கணக்கே இல்லை. வாதத்தின் மீது எனக்குப் பகை இல்லை. அதைக் கையில் எடுப்பவர்கள் அதற்குரிய ஒழுங்கோடு கையாள்கிறார்களா என்பதில்தான் ஐயம்.

வாதம் வலுவாக நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவதே நியாயம். மலாயாவின் வணிக ரப்பர் மலாக்காவில்தான் பிறந்தது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். அடுத்து புக்கிட் ஆசகானில் பெரிய அளவில் நட்டார். அதன் பிறகு தீபகற்பம் முழுவதும் காடு அழித்து ரப்பர் வைத்த ஆண்டுகளில் கப்பலேறி வந்த தமிழர்கள் கொத்துக்கொத்தாகக் காய்ச்சலில் மடிந்தார்கள். ஊட்டமில்லாத உடம்பு, சுத்தமில்லாத பழக்கம் என்று செத்தவர்கள் மேலேயே பழி போட்டவர்கள் உண்டு. 1901இலிருந்து கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்தார், புதரை அழித்தார், மலேரியா சரிந்தது. ஆட்கள் அதே ஆட்கள், சாப்பாடும் அதே சாப்பாடு. தண்ணீர் தேங்கிய இடம் மட்டும் மாறியது. கொசு என்ற இடைக்கண்ணி தெரிந்திருந்தது. அதை அறுத்ததும் விளைவு கண்முன் தெரிந்தது. சூழல் வாதத்தின் தர அளவுகோல் இதுதான்.

உடம்பை விட்டு நடத்தைக்கு வந்தால் இவ்வளவு துல்லியம் கிடைப்பதில்லை. கிடைப்பவற்றில் உருப்படியானது அமெரிக்க உளவியலாளர் ரோஜர் பார்க்கரின் பணி. 1947 முதல் கால் நூற்றாண்டு காலம் கான்சஸ் மாநிலத்தின் ஆஸ்கலூசா என்னும் சிற்றூரில் நிலையம் அமைத்து, அங்கத்திய பிள்ளைகள் காலை முதல் இரவு வரை செய்வதைப் பதிவு செய்தார். ஒரு பிள்ளை என்ன செய்யும் என்பதை அதன் குணத்தைவிட அது இருக்கும் களம் நன்றாக முன்கூட்டிச் சொல்கிறது என்பது அவர் கண்டது. வகுப்பறையில் எல்லாப் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே மாதிரி. கடைவீதியில் அதே பிள்ளைகள் வேறு மாதிரி.

நம் தோட்டத்தில் விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தை அவர் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். இருட்டு கலையாத நேரம். ஆணும் பெண்ணுமாய் வரிசை பிடித்து நிற்கிறார்கள். தோளில் காண்டாக் கம்பு, கையில் மரம் சீவும் கத்தி, தலையில் பாலின் வாடை ஏறிப்போன துணி. மேற்பார்வையாளரான மண்டோர் பெயர் வாசிக்கிறார். ஒவ்வொரு பெயருக்கும் தணிந்த குரலில் ஒரு பதில் வருகிறது. பிந்தி வந்தவருக்கு அன்றைய நாள் சம்பளம் போகலாம், யாரும் வாதாடுவதில்லை. அப்படித் தலைகுனிந்து நின்ற ஆள்தான் அன்று மாலை மாரியம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் நடுவில் உட்கார்ந்து, கணக்கில் வரும் குறைக்குத் தோட்ட எழுத்தரான கிராணியையே நிறுத்திக் கேள்வி கேட்பார். பணிவு அவருடைய குணமாக இருந்தால் மாலையிலும் இருந்திருக்க வேண்டும். அது களத்தின் விதி. மேட்டில் துரை பங்களா, பாதிச் சரிவில் கிராணி வீடு, பள்ளத்தில் சாக்கடையோரம் தொழிலாளர் வரிசை வீடான லயம் என்று நிலத்தையே படிக்கட்டாக அமைத்தவர்கள் அந்த விதியைத் தெரிந்தே எழுதினார்கள். பார்க்கரின் முறை களத்துக்குள் நடப்பதை அழகாகச் சொல்கிறது. களத்தை அமைத்தவர் யார், அதனால் பயனடைந்தவர் யார் என்று அது கேட்பதில்லை. கான்சஸ் சிற்றூரில் அந்தக் கேள்வி அவ்வளவு அவசரமாக இல்லாமல் இருந்திருக்கலாம். தோட்டத்தில் அதுதான் முதல் கேள்வி.

இங்கே வாதத்தின் பெரிய ஓட்டை தெரிகிறது. லயமும் கள்ளுக்கடையும் தொழிலாளியை முதுகெலும்பில்லாத குடிகாரனாக்கின என்று சொல்வோர் 1941ஆம் ஆண்டை எந்தக் கணக்கில் வைப்பார்கள்? அந்த ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. கோரிக்கைகளில் சம்பளம் இருந்தது. கூடவே கள்ளுக்கடையை மூடு, துரையின் எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்கவேண்டிய கட்டாயத்தை நீக்கு என்பவையும் இருந்தன. அரசு படையை இறக்கிச் சுட்டது, தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். போர் முடிந்ததும் கெடாவின் தோட்டங்களில் தொண்டர் படை எழுந்து கள்ளுக்கடைகளை மறித்தது. இவர்கள் எந்த மாளிகையில் வளர்ந்தவர்கள்? அதே லயத்தில், அதே கடைக்கு நூறடி தள்ளி.

லயத்தின் நெருக்கம் ஒரு பக்கம் பெண்டு பிள்ளைகளின் தனிமையைத் தின்றது. இன்னொரு பக்கம், ஒரு வீட்டில் பேசிய சேதியை விளக்கணைப்பதற்குள் கடைசி வீட்டுக்குக் கொண்டு சேர்த்தது. ஒரே சுவர் அடிமைத்தனத்துக்கும் பயன்பட்டது, சங்கம் கட்டவும் பயன்பட்டது. ஆகவே சுவரை மட்டும் பார்த்து நடத்தையைக் கணிக்க முடியாது.

ஆய்வு நூல்களில் இதை உணர்ந்தது ரவீந்திர கே. ஜெயினின் 'சவுத் இந்தியன்ஸ் ஆன் தி பிளாண்டேஷன் ஃப்ரண்டியர் இன் மலாயா' (1970). 1960களின் தொடக்கத்தில் ஒரே ஒரு ரப்பர் தோட்டத்தில் தங்கி, உறவுமுறை, சாதி, சண்டை, தலைமை எல்லாவற்றையும் நேரில் பார்த்து எழுதியது. ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியின் பிடி தளர்ந்து தொழிற்சங்கம் உள்ளே வந்துவிட்ட காலம் அது. வீடு மாறாமல், வேலை மாறாமல், அதிகாரம் கைமாறியதால் மனிதர் நடத்தை மாறுவதை அந்நூலின் தரவுகளே காட்டுகின்றன. அதன் முறையில் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை. ஆனால் ஒரு தோட்டத்தை ஒரு காலத்தில் பார்த்த நூல் அது. பின்னால் வந்தவர்கள் அதை எல்லாத் தோட்டத்துக்கும் எல்லாக் காலத்துக்கும் மேற்கோளாக்கிவிட்டார்கள். அந்தப் பழியை ஜெயின் மேல் போடுவது அநியாயம்.

ஆண்ட்ரூ வில்ஃபோர்டின் 'தமிழ்ஸ் அண்ட் தி ஹாண்டிங் ஆஃப் ஜஸ்டிஸ்' (2014) வேறு வகை. தோட்டம் விற்கப்பட்டு, கோயில் இடிபட்டு, வெளியேற்றத்தின் விளிம்பில் நின்ற மக்களின் பேச்சை அது பதிவு செய்கிறது. இழந்த இடம் மனத்தில் எப்படித் தொடர்ந்து வாழ்கிறது என்பதற்கு இதைவிடக் கூர்மையான செவி நமக்கு வாய்த்ததில்லை. குறை இரண்டு. வெளியேற்றப்படும் வேளையில் கேட்கப்படும் மனிதர் தோட்டத்தை நினைவுகூரும்போது அதன் கசப்பைக் குறைத்தும் இனிப்பைக் கூட்டியும் சொல்வது இயல்பு. அந்தச் சாய்வுக்கு நூல் போதிய எடை கழிக்கவில்லை. அடுத்தது, தெரிதாவையும் லக்கானையும் துணைக்கு அழைத்து எழுதிய பக்கங்களில் தொழிலாளியின் குரலைக் கோட்பாட்டின் குரல் அமுக்கிவிடுகிறது. ஜெயினிடம் முறை வலிது. வில்ஃபோர்டிடம் காது வலிது. இரண்டையும் சேர்த்து வைத்திருக்கும் ஒரு நூலை இனிமேல்தான் யாராவது எழுத வேண்டும்.

கலைப் படைப்புகளில் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' படத்தை முன்னால் வைக்கிறேன். 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானதற்காக அல்ல. 1990களின் தொடக்கத்தில், தோட்டத்தை விட்டு வந்து புறம்போக்கில் குடியேறிய குடும்பம் ஒன்றின் பன்னிரண்டு வயதுப் பையன் அப்போய். வறுமை அவனைக் கெடுத்தது என்று படம் சொல்லிவிட்டுப் போகவில்லை. சொந்தமாகக் கற்பனை செய்யும் பையனுக்குப் பள்ளியில் கிடைப்பது பிரம்பு, வீட்டில் கிடைப்பது இடுப்பு வார். அவனை மதித்து நடத்தும் இடம் கும்பல் ஒன்றுதான். சூழலைச் சுவராகக் காட்டாமல், யார் இவனுக்கு மரியாதை தருகிறார்கள் என்ற கேள்வியாகக் காட்டியது படத்தின் சாதனை. தோட்டம் ஏன் அவர்களைக் கைவிட்டது, நிலம் யாரிடம் போனது என்பதைச் சில வாக்கியங்களில் கடந்துவிடுவது அதன் குறை. ம. நவீனின் 'பேய்ச்சி' (2019), 1981இல் லூனாஸில் நச்சுச் சாராயம் பலர் உயிரைக் குடித்த நிகழ்வைக் கதையின் அடித்தளமாக்கியது. அடுத்த ஆண்டே உள்துறை அமைச்சு அதைத் தடை செய்ததால், நாவலைப் பற்றி நடந்திருக்க வேண்டிய விவாதம் தடையைப் பற்றிய விவாதமாகத் திசைமாறிப் போனது. அது நம் திறனாய்வுக்கு நேர்ந்த நட்டம்.

இனி, தோட்டத்துக்குப் பின் வந்த சூழல். 1980க்கும் 2000க்கும் இடையில் தோட்டங்களிலிருந்து பெயர்ந்த இந்தியர் ஏறத்தாழ 3 லட்சம் என்பது ஆய்வாளர்கள் அடிக்கடி எடுத்தாளும் மதிப்பீடு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் கோல்ஃப் திடலும் வந்தன. சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, பத்து பெரெண்டாம் தடையற்ற வணிக வட்டாரம், தங்கா பத்துச் சாலையோரத்து வரிசை வீடுகள் என்று நம் கரைப்பகுதியின் முகமே மாறிற்று.

சதுர அடிக் கணக்கில் பார்த்தால் இது முன்னேற்றம்தான். லயத்தின் ஒற்றை அறை பத்தடிக்குப் பத்தடி அல்லது சற்றுக் கூடுதல்; முன்னால் ஒரு திண்ணை, பின்னால் ஒரு சமையல் இடம், வரிசைக்கு ஒரு பொதுக்குழாய். 1982இல் 25,000 ரிங்கிட் உச்ச விலை வைத்து அரசு கொண்டுவந்த மலிவு விலை வீட்டுக்கு 550 முதல் 600 சதுர அடி, இரண்டு படுக்கையறை, உள்ளேயே குழாயும் கழிப்பறையும். பரப்பளவும் வசதியுமே நலத்தைத் தீர்மானிக்குமானால் அடுக்குமாடிக்குப் போனவர்கள் முன்னைவிட நன்றாக இருக்க வேண்டும். எல்லோரும் அப்படி இல்லை என்பதை யாரும் மறுப்பதில்லை. ஏன் என்பதில்தான் பேச்சு தடுமாறுகிறது.

இங்கே உதவக்கூடிய ஒரு பெருஞ்சோதனை அமெரிக்காவில் 1994இல் தொடங்கியது. ஐந்து நகரங்களில், வறுமை செறிந்த அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த சுமார் 4,600 குடும்பங்களுக்குச் சீட்டுக் குலுக்கி, ஒரு பகுதியினருக்கு வறுமை குறைந்த வட்டாரங்களுக்குக் குடிபோக வாடகை உதவி கொடுத்தார்கள். குலுக்கல் என்பதால் முறையில் குறை சொல்ல அதிகம் இல்லை. பெரியவர்களின் வருமானம் உயரவில்லை; ஆனால் மனநலம் மேம்பட்டது, நீரிழிவு குறைந்தது. 13 வயதுக்குள் இடம் மாறிய பிள்ளைகள் வளர்ந்தபின் மற்றவர்களைவிட ஏறத்தாழ 31 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பதின்ம வயதில் மாறியவர்களுக்குப் பலன் இல்லை, சற்றே பாதகம்கூட. இடம் மனிதரை மாற்றுகிறது என்பதற்கு இது உறுதியான சான்று. எப்போது, எந்த வயதில், எந்த விதத்தில் என்பவற்றைச் சொல்லாமல் அந்த வாக்கியத்துக்குப் பொருளில்லை என்பதற்கும் இதுவே சான்று. அந்த அமெரிக்கக் குடும்பங்கள் விரும்பிப் போனவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. நம் குடும்பங்கள் தோட்டம் கைமாறியதால், பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பாதி வகுப்பில் இழுத்துக்கொண்டு போனவர்கள்.

அப்படிப் போனவர்களின் பிள்ளைகளைப் பற்றித்தான் 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சின் அறிவிப்பு வந்தது: 49 குண்டர் கும்பல்கள், 40,000 சொச்சம் உறுப்பினர், அதில் ஏறத்தாழ 70 விழுக்காடு இந்தியர். மக்கள்தொகையில் நாம் 7 விழுக்காடு. மறுநாளே தோட்டப் பின்னணி பற்றிய சொற்பொழிவுகள் தொடங்கிவிட்டன. எளிய ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. லயம்தான் குண்டரை உருவாக்கியது என்றால், நம்மவரில் மிகப் பலர் லயத்தில் வாழ்ந்த 1950களிலும் 60களிலும் அல்லவா இந்த எண்ணிக்கை உச்சத்தில் இருந்திருக்க வேண்டும்? இந்த எண்ணிக்கையோ தோட்டங்கள் காலியான பிறகல்லவா வந்திருக்கிறது? காவல்துறைப் பட்டியல் எப்படித் தயாராகிறது என்பது தனியே விசாரிக்க வேண்டிய சங்கதி. ஆனால் பட்டியலை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் அது சுட்டுவது தோட்டத்தை அல்ல. தோட்டத்துக்கும் பட்டணத்துக்கும் நடுவே குடும்பம் குடும்பமாக விழுந்த பள்ளத்தை.

எதிர்த்தரப்பும் தப்பிவிடக் கூடாது. தோட்டத்தைப் பொற்காலமாகப் பாடுவோர், அதைப் பாடுவது பெரும்பாலும் ஆண் குரல் என்பதைக் கவனிப்பதில்லை. விடியுமுன் எழுந்து சோறு பொங்கி, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, ஆணுக்குச் சமமாக மரம் சீவி, மத்தியானம் திரும்பித் துணி துவைத்து, மாலையில் கள்ளுக்கடையிலிருந்து வருபவனுக்குப் பயந்து படுத்த பெண்ணைக் கேட்டால் பாட்டின் ராகம் மாறும். பத்து பெரெண்டாம் மின்னணுத் தொழிற்சாலைகள் ஆள் எடுக்கத் தொடங்கியபோது, மண்டோர் கண்ணுக்கு எட்டாத ஓர் இடத்தில் தன் பெயரில் சம்பளம் வாங்கிய முதல் தலைமுறைப் பெண்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஒரே இடப்பெயர்வு தகப்பனுக்கு வீழ்ச்சியாகவும் மகளுக்கு வாசலாகவும் இருக்க முடியும். 'சமூகத்தின் நலம்' என்று ஒருமையில் எழுதும் கட்டுரைகள் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகின்றன.

மலாக்காவிலேயே ஓர் எதிர்நிலை எடுத்துக்காட்டு இருக்கிறது. தோட்ட ஆய்வாளர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. தமிழ் வணிகர் மரபில் வந்தோர் வாழும் காஜா பெராங் செட்டி கிராமம். அந்த மக்கள் தமிழ்ப் பேச்சை எப்போதோ இழந்து மலாய் பேசுகிறார்கள். உடையிலும் சமையலிலும் பெரானாக்கான் கலப்பு. ஆனால் டச்சுக்காரர் காலத்தில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயிலின் மரபும், கிராமத்துக் கோயில்களும், முன்னோர் படையலும், பொங்கலும் கலையாமல் தொடர்கின்றன. தோட்டத்துத் தமிழர் மொழியை விடாமல் வைத்திருந்தார்கள், இடத்தை இழந்தார்கள், மொழி பிழைத்தும் சமூகம் சிதறிற்று. செட்டிமார் மொழியை இழந்தார்கள்; மனை அவர்களுடையதாக இருந்தது; சமூகத்துக்கென்று ஓர் ஊர் இன்றும் நிற்கிறது. இந்த ஒப்பீட்டை மிகையாக நீட்டக் கூடாது. அவர்கள் வணிகர் மரபினர், எண்ணிக்கையில் சிலர், காலமும் வேறு. உயர்ந்த கட்டடங்கள் இப்போது அந்தக் கிராமத்தையும் நெருங்கிவிட்டன. அவ்வளவு கழித்த பிறகும் ஒப்பீட்டில் எடை மிஞ்சுகிறது.

அந்த எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. தோட்டச் சூழலின் மையக்கூறு அறையின் அகலமோ குழாயின் தூரமோ கள்ளுக்கடையோ அல்ல. வேலை இருக்கும்வரைதான் வீடு என்ற ஏற்பாடு அது. ஓய்வு வயது வந்தாலும், முதுகு போனாலும், முதலாளி மாறினாலும் வீடு போகும். அப்படிப்பட்ட வீட்டில் யாரும் மாமரம் நட்டுப் பேரனுக்கென்று வளர்ப்பதில்லை. துரையை எதிர்ப்பதற்கு முன் கூரையை நினைத்துப் பார்ப்பார்கள். நம்மவரின் பொறுப்பின்மை என்று வெளியார் எழுதியதில் பாதி இந்த ஏற்பாட்டுக்கு அறிவுள்ள மனிதர் காட்டிய எதிர்வினை. இப்படிப் பார்த்தால் பெரட்டுக் களத்துப் பணிவும், கிள்ளானில் அதை மீறக் கொடுத்த விலையும், தோட்டத்துக்குப் பின் வந்த சிதறலும் ஒரே கோட்டில் நிற்கின்றன. சுவரையும் அறையையும் மட்டும் பார்க்கும் சுவர் வாதத்தால் இவற்றை இணைக்க முடியவில்லை.

சட்டம் இன்னும் சுவர் வாதத்திலேயே நிற்கிறது. 1966இல் தொழிலாளர் வீட்டுத் தரச் சட்டம் வந்தது; 1990இல் விரிந்தது; 2019இல் திருத்தப்பட்டது. பரப்பு, தண்ணீர், மின்சாரம், மருந்தகம், ஆயாக் கொட்டகை எல்லாவற்றுக்கும் விதி உண்டு. தேவையான விதிகள்தான், குறைத்து மதிப்பிடவில்லை. வாழ்நாள் முழுக்க உழைத்தவருக்கு ஓய்வுக்குப் பிறகு அந்தக் கூரையின்மேல் உரிமை தரும் விதி மட்டும் இல்லை. தமிழ்ப்பள்ளிகள் கதையும் இதுவே. தோட்டம் மறைந்த பின்னும் பெயரில் 'லாடாங்' (தோட்டம்) என்ற மலாய்ச் சொல்லைச் சுமந்து நிற்கும் பள்ளிகள் நம் மாநிலத்திலும் உண்டு. அடியிலுள்ள நிலம் அரசுடையது அல்ல என்பதால் நாட்டில் பல தமிழ்ப்பள்ளிகள் பகுதி உதவிப் பள்ளிகளாகவே நிற்கின்றன. கூரை ஒழுகினால் பெற்றோர் ஆசிரியர் சங்கம் உண்டியல் தூக்குகிறது.

ஆகவே தீர்ப்பு இது. உடல்நலத்தில் சூழல் வாதம் நிரூபணமானது. அன்றாட நடத்தையில் களத்துக்குக் களம் பயன்படும், எல்லைக்குள். ஒரு சமூகத்தின் குணத்தை விளக்கும் கருவியாக அதைப் பயன்படுத்துவது, இன்றுவரை வந்த எழுத்துகளை வைத்துப் பார்த்தால், தேறவில்லை. தோட்டப் பின்னணி என்று அறிக்கையில் எழுதுபவர், அந்த நிலம் யார் பெயரில் இருந்தது, எந்த ஆண்டு கைமாறியது, குடியிருந்தவர்களுக்கு எத்தனை மாத அவகாசம் கிடைத்தது, பிள்ளைகளுக்கு அப்போது என்ன வயது என்பதையும் சேர்த்து எழுதட்டும். இவை இல்லாத அறிக்கையை ஆய்வு என்று ஏற்க வேண்டாம் என்பதே வாசகருக்கு என் பரிந்துரை.